ஐந்தும் மூன்றும் ஐந்து

வூச் என்றால் போலிஷ் மொழியில் படகு.
ஆறுகளைத் தரைக்குள் புதைத்துவிட்டுப்
பெயரை மட்டும் மிதக்கவிட்டிருக்கிறது ஊர்.
நான்காம் மாடி, வெள்ளி இரவு.
ஊறிய வெள்ளரிக்காய் ஜாடிக்கும்
இருபது முகப் பகடைக்கும் நடுவே
பென்சில் சீவுகிறான் லெஷெக்.

பகலில் டிராம் ஓட்டுகிறவன்.
இந்த மேசையில் மட்டும் திருடன்; பெயர் மூஞ்சூறு.
இன்றைக்கு அவனுக்கு வாய்த்தவை
செத்த மந்திரவாதியின் அலமாரியிலிருந்து
ஒரு ஜோடிக் கையுறைகள்.
பூட்டுத் திறக்கும் திறனுக்கு ஐந்து கூடும்.
விரலில் ஏற்கெனவே ஒரு மோதிரம்,
அதே திறனுக்கு மூன்று.
"எட்டு" என்றான்.
எழுதியும்விட்டான், அழுத்தி.

"ஐந்து" என்றாள் போக்னா.
வரி அலுவலகத்தில் வேலை.
மாயத்துக்கும் தணிக்கை உண்டு அவளிடம்.

மந்திரப் பொருள் தரும் கூடுதலுக்கெல்லாம்
ஒரு வகை இருக்கிறது.
வகை வேறானால் கூட்டிக்கொள்ளலாம்.
ஒரே வகையானால் பெரியது மட்டும் நிற்கும்.
சிறியது தோற்பதில்லை, கழிவதுமில்லை,
அங்கேயே இருக்கும்
எண்ணப்படாமல்.
ஒரு சொல்லின் மேல் 'ஐ' உருபு இருமுறை ஏறுமா?
குடைக்குள் குடை பிடித்தவன்
இருமடங்கு நனையாமல் இருக்கிறானா?

லெஷெக் விடவில்லை.
மோதிரம் விரலில், உறை கையில்.
ஒன்று பித்தளை, ஒன்று தோல்.
செய்தவனும் வேறு, செய்த நூற்றாண்டும் வேறு.
"எங்கே மாட்டுகிறாய் என்று கேட்கவில்லை,
என்ன வகை என்று கேட்டேன்."

"மோதிரத்தை விற்றுவிடு" என்றாள் யாத்விகா
வாயில் வெள்ளரிக்காயோடு.
"நானூறு பொற்காசு வரும். அந்த விரலுக்கு
நீந்துவதற்கு ஒன்று வாங்கலாம். நீதான் எப்போதும் மூழ்குகிறாயே."

அழிப்பானை எடுத்தான்.
எட்டு போயிற்று, ஐந்து வந்தது.
மோதிரத்தின் வரியை அவன் தொடவில்லை.
அது அவன் கையெழுத்தல்ல.
ரொத்தர்தாமுக்கு வேலைக்குப் போன ஹானியா
கடைசி ஆட்டத்தில் தன் சூனியக்காரியின் விரலிலிருந்து கழற்றி
அவன் தாளில் பச்சை மையால் எழுதியது:
மோதிரம். மூன்று. தொலைக்காதே.

பன்னிரண்டு மணிக்கு, நிலவறையின் அடியில்,
மந்திரம் செல்லாத அறை ஒன்று.
உறை வெறும் தோலானது.
மோதிரம் வெறும் பித்தளை.
ஐந்தும் பூஜ்யம், மூன்றும் பூஜ்யம்;
முதல்முறையாக இரண்டும் சமம்.
"சொந்தமாக எவ்வளவு?"
கற்றது நான்கு. விரல் வாகு இரண்டு.
அவ்வளவுதானா என்று தாளைத் திருப்பிப் பார்த்தான்.
பின்பக்கம் காப்பிக் கறை.

வேண்டியது இருபது.
பகடை உருண்டு ஜாடியில் மோதிப்
பதின்மூன்றில் நின்றது.
பத்தொன்பது.

"நான் விளக்குப் பிடித்தேனே," என்றாள் யாத்விகா,
"அவன் உருட்டும் முன்பே சொன்னேன்."
எல்லோரும் போக்னாவைப் பார்த்தார்கள்.
அவள் தன் ஓரக்குறிப்பைப் பார்த்தாள்.
"சொன்னாய். குறித்திருக்கிறேன். உதவி, இரண்டு."
"என்ன வகை?" லெஷெக்தான் கேட்டான்,
அந்த நேரத்திலும்.
"வகை இல்லை. எதோடும் கூடும்."

பூட்டுத் திறந்தது.
உள்ளே இன்னொரு கதவு.
மீதி அடுத்த வெள்ளி.

கீழே, நிறுத்தத்தில், பூஜ்யத்துக்குப் பதினான்கு கீழே.
கம்பளி உறையின் மேல் தோலுறையை மாட்டிக்கொண்டு
வேறொருவன் ஓட்டிவரும் டிராமுக்காக நிற்கிறான்.
கையை விரித்து மூடிப் பார்க்கிறான்.
இது கூடுகிறது.
போக்னாவிடம் சொல்ல வேண்டும்.