பாண்

இரண்டாம் ஞாயிறு, மாலை ஐந்து மணி.
கோத்தகிரியில் ஒரு பேக்கரிக்கு மேலே எங்கள் அறை.
பதினேழு படி. ஒன்பதாவது ஆடும்,
பழகியவன் தாண்டி மிதிப்பான்.
புதியவன் வந்தால் சத்தமே சொல்லிவிடும்.

அன்றைக்குச் சத்தம் கேட்டது.

ஏழு பேர் இருந்தோம்.
ஆணை விரும்பும் ஆண் நான் என்று
வாய்விட்டுச் சொல்ல
இந்த மலையில் எங்களுக்கு இருந்தது
நாலு சுவர், ஒரு கெட்டில்,
தாழ்ப்பாள் சரியாக விழாத கதவு.
"இங்கே யாரும் யாரையும் எடை போட வேண்டாம்."
முதல் கூட்டத்தில் ஹாலன் சொன்னது.
சொல்லும்போது அழுதான். நாங்களும்தான்.

வந்தவன் பெயர் யோகராசா.
தேயிலை ஃபேக்டரியில் இரவு ஷிஃப்ட்,
கழுத்தில் மஃப்ளர், விரலில் கல்யாண மோதிரம்.
நாற்காலி நுனியில் உட்கார்ந்தான்.
கீழே அடுப்பைத் திறந்திருப்பார்கள்.
மூக்கை உறிஞ்சிச் சிரித்தான்:
"பாண் வாசம் நல்லா இருக்கு."

என்ன பாண் என்றார்கள். சிலோனா என்றார்கள்.
"இங்கதான் பொறந்தேன், லயத்துல" என்றான்.

அப்புறம் கேட்டதையெல்லாம்
விசாரணை என்று சொல்ல முடியாது,
அக்கறை மாதிரிதான் இருந்தது.
யார் சொல்லி வந்தே? சம்சாரத்துக்குத் தெரியுமா?
கோயம்புத்தூரிலிருந்து காரில் வரும் ரகுநந்தன்
சிரிப்பு மாறாமல் கேட்டான்:
நிஜமாகவே நம்ம ஆள்தானா,
எப்படி அவ்வளவு நிச்சயமாச் சொல்றே?
இதே கேள்வியைத்தான்
அவன் அப்பா அவனிடம் கேட்டார்.
அதைச் சொல்லி முடிக்கும் வரை
நடுங்கிய அவன் கையை
இதே அறையில் நான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

யோகராசா ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னான்,
ரேஷன் கடை வரிசையில் நிற்கிறவன் போல
சட்டைப் பையைத் தொட்டுத் தொட்டு.
ஒருமுறை என் பக்கம் பார்த்தான்.
உடனே கெட்டில் பக்கம் திரும்பிக்கொண்டான்.
டீ ஆறியது. பஸ் போய்விடும் என்று எழுந்தான்.
அவன் எஸ்டேட்டுக்கு அடுத்த பஸ் எட்டே கால்.
எனக்குத் தெரியும்.

கதவு மூடியதும் ஷிபு: "பாவம்தான், ஆனா."
அந்த ஆனாவை ஹாலன் முடித்துவைத்தான்.
கல்யாணம் ஆனவன், மாட்டினால்
நம்மைக் காட்டிக்கொடுத்துத் தப்பிப்பான்.
ஹாலனுக்கே தை மாதம் நாள் குறித்தாயிற்று,
ஹட்டியில் பந்தலுக்குச் சொல்லியாயிற்று.
யாரும் அதை எடுக்கவில்லை.
"இது வெறுப்பில்லை, பாதுகாப்பு" என்றான் ரகுநந்தன்.
கை தூக்கச் சொன்னார்கள்.

என் அம்மா பத்து வயதில்
தலைமன்னாரில் கப்பலேறி வந்தவள்.
மண்டபம் முகாமில் கொடுத்த அட்டை
இன்னும் டிரங்குப் பெட்டியில் கிடக்கிறது.
வீட்டில் எனக்கும் அது பாண்தான்.
மூன்றாம் வகுப்பில் ஒருநாள்
பெஞ்சு மொத்தமும் சிரித்தது,
அதோடு வெளியில் பிரெட் ஆகிவிட்டது.
இந்த அறையில் நான் மேட்டுப்பாளையத்துக்காரன்.
யாராவது கேட்டால் சொல்ல
ஒரு தெருப்பெயர்கூட வைத்திருக்கிறேன்.
இரண்டு பொய்யில் ஒன்றை இறக்கிவைக்கத்தான்
அந்தப் பதினேழு படியும்.

மேல் லயத்தில் அவன் வீடு, கீழ் லயத்தில் எங்களுடையது.
இரண்டுக்கும் ஒரே குழாய்.

கை தூக்கினேன்.
முதலாவதாக இல்லை, நாலாவதாக.
ஏழில் அது போதும்.

இறங்கும்போது ஒன்பதாவது படி சத்தம் போட்டது.
பேக்கரியில் என்ன வேணும்ணே என்றான் பையன்.
விரலால் காட்டினேன்.

எட்டே கால் பஸ்ஸில்
மூன்று சீட் முன்னால் அந்த மஃப்ளர்.
மடியில் பொட்டலம் சுட்டது, வாசம் பஸ் முழுக்க.
அவன் திரும்பவில்லை.
கண்டக்டர் வந்தார், எங்கே என்றார்.
அவன் சொன்ன அதே ஸ்டாப்பை
என்ஜின் இரைச்சலுக்கு மேல்
நானும் சொல்ல வேண்டியிருந்தது.