வாங்கியாவது

சத்துவாச்சாரி, மருந்துக் கடைக்கு மேல் மாடி.
முன்னாள் படைவீரர் சங்கத்தின் ஒரே கணினி என் கையில்.
ஹவில்தார் கிளார்க் சம்பங்கி என்றால் தட்டச்சு என்று அர்த்தம்.
பதினேழு வருடத்தில் துப்பாக்கியைத் தொட்டதைவிட
கார்பன் தாளைத் தொட்டதுதான் அதிகம்.
இங்கே யாரிடமும் அதைச் சொல்வதில்லை.

சுபேதார் ஏகாம்பரம் நின்றுகொண்டே சொல்லச் சொல்ல அடிக்கிறேன்.
உட்கார்ந்தால் செயற்கைக் காலின் விளிம்பு கடிக்கும் அவருக்கு.
“மாண்புமிகு ஐயா,
அறிவித்த ஊக்கத்தொகை மூன்று வருடமாக வரவில்லை.
கஜானாவில் பணம் இல்லையெனில்
கடன் வாங்கியாவது...”

அங்கே மடங்கிக்கொண்டது விரல்.

“வாங்கி” வரைக்கும் சிக்கல் இல்லை.
அந்த “ஆவது” இருக்கிறதே,
அதை என் வீட்டில் நானே சொன்னவன்.
வளையலை வைத்தாவது பையனை ஐ.டி.ஐ.யில் சேர்ப்போம் என்றேன்.
லாங் பஜார் அடகுக் கடைக்கு நான்கு வளையல் போயின.
மூன்று திரும்பின.
அதன்பிறகு கல்யாணவீடுகளில் என் மனைவி
ஒரு கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டே சாப்பிட்டாள்.

அரசாங்கம் யார் கையிலிருந்து கழற்றும்?

மருமகள் கௌசல்யா ஆறு மணிக் கம்பெனி பஸ்ஸில்
ராணிப்பேட்டைக்குப் போகிறாள், ஷூவுக்கு மேல்தோல் தைக்க.
சோப்புக்கும் வரி, வழியில் தின்னும் பிஸ்கட்டுக்கும் வரி.
இப்போது ஏழு மாதம்.
உள்ளே இருப்பது இன்னும்
எதிலும் கையெழுத்துப் போடவில்லை.

என்னவோ, தமிழில் எல்லாமே கடன்.
பதினாறாயிரம் அடியில், குவளைத் தண்ணீர் உறையுமுன்
ஓடி ஓடிக் கழித்தோம் காலைக் கடன்.
உயிரோடு இறங்கினால் மொட்டை என்று
ரத்தினகிரி முருகனுக்கு நேர்த்திக் கடன்.
செஞ்சோற்றுக் கடன் தீர்த்த சிங்கங்கள் என்று
மேடையில் எங்களுக்குத் துண்டு போர்த்தியவர்
அந்தச் சோறு எப்படி இருந்தது என்று கேட்டதில்லை.
டப்பா சோறு. மண்ணெண்ணெய் வாசனை.
அதற்கு ஏகாம்பரம் கட்டியது முழங்காலுக்குக் கீழே உள்ளதை.
பாக்கி இனி அவர்கள் பக்கம் என்கிறது மனு.
பாக்கிதான். இல்லை என்று யார் சொன்னது?

ஆனாலும் கேட்டுவிட்டேன்:
“கடனைத் தீர்க்கக் கடனா, சாப்?”

“மேம்பாலம் கட்ட வாங்கலியா?
வாங்குறப்போ உன்னைக் கேட்டாங்களா?”

“மேம்பாலத்து மேல என் பேரன் போவான் சாப்.
உங்க சண்டை மேல அவன் எப்படிப் போவான்?”

சொன்ன வாயை மூடுமுன் வெட்கம் வந்துவிட்டது.
அவன் அங்கே போகவேண்டி வராமல் இருக்கத்தானே
அந்தக் கால்.
ஏகாம்பரம் ஒன்றும் பேசவில்லை.
ஜன்னலுக்கு வெளியே காட்பாடி பஸ் வெகுநேரம் ஹாரன் அடித்தது.

மூலை நாற்காலியிலிருந்து ஃபிலோமினா,
நாயக் தேவசகாயத்தின் மனைவி:
“யார்கிட்ட வாங்குனா இன்னா, சீக்கிரம் அடிங்க.
வியாழக்கிழமை எனக்கு டயாலிசிஸ்.
போன தடவையே ஆட்டோவுக்குக் கைமாத்து.”

அப்போதுதான் கரண்டு போனது.
சேமிக்கவில்லை. மாண்புமிகு ஐயாவும் போனார்,
மூன்று வருடமும் போனது.
இருட்டில் ஏகாம்பரம் கேட்டார்:
“எதுல நின்னே?”
“அதுலயேதான் சாப்.”
யாரோ சிரித்தார்கள். ஃபிலோமினாவாகத்தான் இருக்கும்.

வெளிச்சம் வந்ததும் முதலிலிருந்து அடித்தேன்.
கஜானா. கடன். வாங்கியாவது.
ஒரு எழுத்தும் விடவில்லை.
அதன் கீழே, யாரும் சொல்லாமல், இன்னொரு வரி:
“அக்கடனைக் கட்டப்போவது யார் என்பதையும்
இம்மனுவுக்கான பதிலில் தெரிவிக்க வேண்டுகிறோம்.”

ஏகாம்பரம் இரண்டு முறை படித்தார்.
“அழிச்சிடவா சாப்?”
“வேணாம். கேள்விக்குறி வராதா இதுக்கு?”
“வராது சாப். வேண்டுகிறோம்னு முடியுது.”

பேனா ஃபிலோமினாவிடம் போனது.
ஊசி குத்திக் குத்திப் புடைத்த இடக்கையை
மடியில் கிடத்திவிட்டு
வலக்கையால் மெல்லப் போட்டாள்,
அந்தப் புதிய வரியின் மேலும் கொஞ்சம் ஏறிப்போகும்படி,
பெரிய கையெழுத்து.