இடது பக்கம்

சந்தையில் இரண்டாயிரம் கொருனாவுக்கு வாங்கிய டாங்கி,
அசலில் பதினாறில் ஒரு பங்கு.
சுடாது. வாங்கிய அன்றே குழாயின் உள்ளுறுப்பைக் கழற்றி
பழைய காலுறைக்குள் போட்டுவிட்டேன்.
ஓடும், அவ்வளவுதான்.
ஓடும்போது
தகர டப்பாவில் பட்டாணி வறுப்பதுபோல் ஒரு சத்தம்.

ஒஸ்ட்ராவா. ஆறாவது மாடி.
டிராம் பணிமனையில் இரவு ஷிப்ட் முடித்து வருகிறவன்
தூக்கம் பிடிக்காத பகலில் என்ன செய்வான்?
சமையலறையிலிருந்து குளியலறை வரை
ரிமோட்டில் ஒரு டாங்கியை நடத்திப் பார்ப்பான்.

மூன்றாம் நாள் கதவைத் தட்டினாள்
ஐந்தாம் மாடி ரயீசா. கார்கிவிலிருந்து வந்தவள்.
செக் மொழியில் எழுதிவைத்த தாளை
எழுத்தெழுத்தாக வாசித்தாள்:
"தயவுசெய்து. அந்தச் சத்தம். எத்தனை மணி வரை?"

காட்டினேன்.
முழங்கால் உயரம்கூட இல்லாத அதை
வெகுநேரம் பார்த்தாள்.
சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை.
கதவுச் சட்டத்தைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும்
ஒவ்வொன்றாய் விட்டன.

அன்றைக்கே ப்ர்னோவுக்குப் போன் போட்டேன்.
"எஃகு கியர்பாக்ஸா? வேகத்துக்கா, இழுவைக்கா?"
என்றான் விலெம்.
"சத்தம் போகணும்."
"அதுக்காக யாரும் வாங்குறதில்லையே."

பார்சல் வந்தது. வலதுக்கு ஒன்று, இடதுக்கு ஒன்று,
கை தாழும் கனம்.
பழையதைத் திறந்தேன்:
பிளாஸ்டிக் பற்கள் தேய்ந்து, உதிர்ந்த தூள்
கிரீஸோடு குழைந்து புளித்த தயிராய்க் கிடந்தது.
இத்தனை நாளும்
பல்லைக் கடித்துக்கொண்டுதான் ஓடியிருக்கிறது பாவம்.

எட்டுத் திருகு. இரண்டு பேரிங்.
ஒரு ஷிம் கைதவறி அடுப்புக்கடியில் உருண்டு
அரைமணி நேரம் தரையில் படுக்கவைத்தது.
பூட்டி ஓட்டினேன்.
பட்டாணி போய்விட்டது.
அதன் இடத்தில் மெல்லிய ஊளை.

இம்முறை தட்டவில்லை. திறந்திருந்த கதவு வழியே வந்து
காலணியைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.
"இடது," என்றாள்.
கீழே, தன் கூரைக்கடியில் இருந்தபடியே
கண்டுபிடித்திருக்கிறாள்.
"டிராக்டர் ஆலை. கியர் பிரிவு. பதினெட்டு வருஷம்."

மோட்டாரைத் தளர்த்தச் சொன்னாள்.
கோட்டுப் பையிலிருந்து அதே தாளை எடுத்து
விரல் அகலத்துக்கு ஒரு கீற்றுக் கிழித்து
சின்னச் சக்கரத்துக்கும் பெரிய சக்கரத்துக்கும் இடையில் செருகினாள்.
இறுக்கு. சுற்று.

பல்லுக்குப் பல் என்பது
பைபிளில் வேறு.
இங்கே ஒரு பல்
மற்றப் பல்லுக்குத் தாள் தடிமன் இடம் விடுவது.

கீற்று மறுபக்கம் வந்தது,
வரிவரியாய்க் கடிபட்டு.
அதில் மிச்சமிருந்த இரண்டு சொல்: மணி வரை.

ஓட்டினேன்.
மரத்தரையில் டிராக் உரசுவதுதவிர ஒன்றுமில்லை.
குளிர்பெட்டியின் முனகல்கூடக் கேட்டது.
எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவளைப் பார்த்தேன்.

"வேண்டாம்," என்றாள்.
சொல் தேடினாள். கிடைக்கவில்லை.
இரண்டு விரலைத் தரையில் நடத்திக் காட்டினாள்,
மெதுவாக, சத்தமில்லாமல்,
என் காலருகே வரும்வரை.
"இப்படி வந்தா? எப்படித் தெரியும்?"

பிறகு ஆலன் கீயை எடுத்து
இடப்பக்கத் திருகைக் கால் சுற்று தளர்த்தி
மோட்டாரை மயிரிழை தள்ளிவைத்து இறுக்கினாள்.
இப்போது தையல் மிஷின்போல் ஒரு கடகட.
காது சாய்த்துக் கேட்டாள்.
"ம். இது நீ."

வலது பக்கம் ஊமை. இடது முணுமுணுக்கிறது.
கொஞ்சம் இடப்பக்கமாகவே இழுக்கிறது இப்போதெல்லாம்.
நாலு மணிக்கு ஓட்டுகிறேன், பத்து நிமிஷம்.
குளியலறைக் கதவில் ஒவ்வொரு நாளும்
அதே இடத்தில் போய் முட்டுகிறது.

விலெம் கேட்டான், "சத்தம் போச்சா?"

போதுமான அளவுக்கு, என்றேன்.