கம்பிக் கதவு

வெள்ளைக்காரன் காலத்துக் கலால் கந்தோர் இது.
களவாய்ச் சாராயம் வடித்தவனை
இங்கேதான் கொண்டுவந்து
பேர் எழுதி, பெருவிரல் ஒற்றி,
பின்னறையில் பூட்டிவைப்பார்களாம்.
இப்போது ஒட்டுசுட்டானில் எங்கள் தவறணை.
சங்கத்தின் அனுமதிப்பத்திரம்
சுவரில் இல்லை, வளையிலிருந்து கயிற்றில் தொங்குகிறது.
இந்தச் சுவரில் ஆணி அடிப்பது
தண்டனைக்குரிய குற்றம்.

சுவர் பூசியவன் நான்.
பதினொரு மாதம்.
சுண்ணாம்பு நீற்றி, கடுக்காய் ஊறப்போட்டு,
பனங்கட்டி கரைத்து ஊற்றச் சொன்னார்கள்.
அறுபது கிலோ பனங்கட்டி!
எங்கள் எல்லாருக்கும் முதல்
இந்தக் கட்டடம்தான் பனையைக் குடித்தது.
சீமெந்து தொடக்கூடாது.
சன்னம் பட்ட ஓட்டைகளில்
தெற்குச் சுவரில் உள்ளதை அடைக்கலாம்,
கிழக்கில் உள்ளதை அப்படியே விடவும் என்று
அநுராதபுரத்திலிருந்து ஒரு கடிதம்.
ஏன் என்று கடிதத்தில் இல்லை.
கிழக்கு ஓட்டைகளில் இப்போது
ஆட்கள் பீடித்துண்டு செருகுகிறார்கள்.
ஒன்றில் மட்டும் குளவி கூடு கட்டியிருக்கிறது.

பின்னறைக் கம்பிக் கதவை மாட்டியவனும் நான்.
பதினாலு கம்பியில் இரண்டைக் காணவில்லை.
ஒன்று பூமலர் வீட்டுக் கிணற்றுக் கப்பிக்கு அச்சாகி
இருபது வருசம் தண்ணி இறைத்திருக்கிறது.
கேட்டதும் கழற்றித் தந்தாள்.
மற்றது கிடைக்கவேயில்லை.
அந்த அறைக்குள் நீலப் பரல்கள், வெறும் போத்தல்கள்,
பத்திநாதரின் கணக்குக் கொப்பி.

இன்பரூபன் உள்ளே வரமாட்டான்.
ஆறு மணிக்குச் சைக்கிளைச் சாத்திவிட்டுப்
பாலை மரத்தடியில், கல்லில்,
கட்டடத்துக்கு முதுகைக் காட்டி இருப்பான்.
பத்திநாதர் போத்தலைக் கொண்டுபோய்க் கொடுப்பார்.
றெஜினா பொரித்த ஜப்பான் மீன் ஒரு துண்டும்.
வெறியில் எதையும் கேட்கிற ஆட்கள் நாங்கள்,
காணி ஆருடையது, கடன் எவ்வளவு,
மனுசி ஏன் கோவித்துக்கொண்டு போனவள்.
எந்த முகாம், எத்தனை வருசம் என்று
அவனிடம் கேட்டதில்லை.

கார்த்திகை. குளம் வான் பாய்ந்த நாள்.
ஓடுகள் நொறுங்கும் என்று நினைத்தோம், அப்படி ஒரு மழை.
அவன் மரத்தடியில்
போத்தல் வாயைக் கையால் பொத்தியபடி,
கள்ளில் தண்ணி விழாமல் பார்த்துக்கொண்டு,
நனைந்தான்.
உள்ளுக்கு வா என்று ஒருவரும் கூப்பிடவில்லை.
கூப்பிட்டால் போய்விடுவான்.

பிறகு, தானாக வந்தான்.
வாசலில் நின்று அந்தக் கதவைப் பார்த்தான்.
நாங்கள் எல்லாரும் மும்முரமாய்
மீன்முள் எடுத்தோம்.

அந்தக் கதவின் சூட்சுமம் எனக்குத் தெரியும்.
முளையில் குந்தியிருக்கும் பழைய கீல்.
பூட்டு எவ்வளவு பெரிதானாலும்
இரண்டுபேர் கீழிருந்து நெம்பினால்
முழுதாய்க் கையோடு வந்துவிடும்.
உள்ளே இருந்தவர்களுக்கு
இது தெரிந்திருக்குமோ என்று
மாட்டும்போதே யோசித்தேன்.

நான் எழும்ப, தர்மகுலமும் எழும்பினான்.
தூக்கினோம். பிணக்கனம்.
கொண்டுபோய் மழைக்குள் குப்புறப் போட்டுவிட்டு
வந்து இருந்து குடித்தோம்.
பத்திநாதர் ஒன்றும் பேசாமல்
வாங்கிலில் ஒரு சாண் நகர்ந்தார்.

இன்பரூபன் இருந்தான், முதுகு சுவரில் படாமல்.
பாதிப் போத்தல் முடிந்தபோது
"மீனுக்கு உப்புக் கூட" என்றான்.
"கூடத்தான்" என்றாள் றெஜினா.

அடுத்த கிழமை திணைக்களத்து ஜீப் வந்தது.
கொப்பியைத் திறந்து காட்டினார் பத்திநாதர்:
கதவு ஒன்று. துரு. திருத்த வேலைக்காக வெளியே.
திருத்துபவர் என்ற இடத்தில் என் பேர்.

மாசியும் பிறந்துவிட்டது.
கம்பிகளுக்கு நடுவே அறுகு எழும்பியிருக்கிறது.
றெஜினா அதன்மேல் மீன் காயவைக்கிறாள்.
இன்பரூபன் இப்போதும் பாலை மரத்தடியில்தான்,
மழை இல்லாத நாட்களில்.