உள்ளூர் அணிகள் மட்டும்

முதலில் அந்தச் சட்டை.
துறைமுகத்தில் இறங்கிய பழந்துணி மூட்டையில்
நூற்றைம்பது ரூபாய்க்கு எபனேசர் எடுத்தது.
கம்பளி மாதிரி கனம்,
தோளுக்குள் இன்னொரு ஆள் ஒளியலாம்.
நெஞ்சில் ஒரு கரடி, முதுகில் பதினேழு.
பெயரைப் பிரித்தெடுத்த தையல் ஓட்டைகள்
எட்டு எழுத்து இருந்ததாகச் சொல்லின.

மே மாத வியாசர்பாடியில்
ஐஸ் ஹாக்கிக்குத் தைத்த சட்டையோடு
கோல் கம்பங்களுக்கு நடுவே நின்றான்.
"இன்னாடா, ஃபிரிட்ஜுக்கு உறை போட்டாப்புல கீது"
என்று கத்தினார்கள் தண்ணி டேங்க் மேலிருந்தவர்கள்.
அரைமணியில் ஒரு குடம் வியர்வை.
ஒரு கோலும் விழவில்லை.

கனடாவில் கிடங்கு வேலையிலிருக்கும் டெரிக் அண்ணன்
வீடியோ காலில் பார்த்துவிட்டுச் சொன்னார்:
"அந்த டீமே இல்லடா இப்போ.
முதலாளி வித்துட்டான்.
கோச்சு, கோலி, எல்லாத்தையும்
வேற ஊருக்கு மூட்டை கட்டிட்டாங்க.
ஸ்டேடியம் மட்டும் அங்கயே கீது.
ஜனங்க இன்னும் சட்டைய கழட்டல."

எங்கள் பக்கம் டீம் என்றால் வேலை.
மில் டீம், ஷெட் டீம், துறைமுக டீம்.
ஹாஃப் பேக்குக்கு கிளார்க் உத்தியோகம்,
கோலிக்கு, வேறென்ன, கேட் கீப்பர்.
மில் மூடிய பிறகுதான் பிளாக் டீம்கள்.
சம்பளமில்லாத டீமை எப்படி விற்பார்கள்?
இருபதாம் பிளாக் ரேஞ்சர்ஸை விலைக்குக் கேட்டால்
என்னவெல்லாம் சேர்த்துக் கொடுக்கணும்?
தையல் விட்ட ரெண்டு பந்து,
லோகோ ஷெட் விசில்,
அரையிறுதியில் உடைந்து கோணலாகவே கூடிய
மஸ்தானின் மணிக்கட்டு,
அப்புறம் சலோமி கடையில்
சுண்டல் பாக்கி, நானூற்றுப் பன்னிரண்டு.

யாரும் விலை கேட்கவில்லை.
ஒரு செவ்வாய்க்கிழமை லாரிகள் வந்தன.
பிளாக்கை இடித்துவிட்டு
பெரும்பாக்கத்தில் ஏழாவது மாடி கொடுத்தார்கள்.
பீரோ போனது, சிலிண்டர் போனது,
இரண்டு ஸ்டாப்பர், ஒரு லெஃப்ட் விங் போனார்கள்.
கோல் கம்பத்தை ஏற்ற டிரைவர் மறுத்துவிட்டார்.

இந்த வருஷக் கோப்பைக்கு
பெயர் பதியும் நோட்டு என்னிடம்.
முதல் பக்கத்தில் விதி:
உள்ளூர் அணிகள் மட்டும்.
போன தடவை வெளியாட்களை இறக்கி
கோப்பையைத் தூக்கிப் போனார்களே,
அந்தக் கோபத்தில் நானே எழுதியது.

ஞாயிறு, காலை ஆறு மணி.
மூன்றரைக்கு எழுந்து இரண்டு பஸ் மாறி
பத்துப் பேர் வந்து நின்றார்கள்.
பதினொன்றாவது ஆள் சோழிங்கநல்லூரில்
பஸ்ஸை விட்டுவிட்டானாம்.
எபனேசர் கரடிச் சட்டையில்,
கைகளை மட்டும் முழங்கையோடு வெட்டியிருந்தான்.

"முகவரி?"
கேட்டது நான்தான்.
அவன் மைதானத்தைப் பார்த்தான்.
கார்னர் கொடி நடும் குழியில்
நேற்றைய மழைத் தண்ணி.
எதிர் டீம் கேப்டன் தேசிங்கு
ஷூ லேசைக் கட்டிக்கொண்டே சொன்னான்:
"எழுதுக்கா, மணியாவுது.
வெயில் ஏறிடும், அவனுக்கு அந்தச் சட்டை வேற."

இருபதாம் பிளாக், வியாசர்பாடி.
பேனா பாதியில் நின்றது, உதறி எழுதினேன்.
அந்த முகவரியில் இப்போது தகர வேலி,
உள்ளே ஒரு ஜே.சி.பி. தூங்குகிறது.

விசில்.
பத்துப் பேரோடுதான் ஆரம்பித்தார்கள்.
இருபதாவது நிமிஷம்,
செருப்பைக் கையில் பிடித்தபடி
கல்யாணபுரம் முனையிலிருந்து
ஓடி வந்துகொண்டிருந்தான் லெஃப்ட் விங்.