முப்பது

இரண்டாம் பேஸுக்குச் சறுக்கியதில்
ஷெல்பி ஸ்ட்ராசருக்கு வலது கணுக்கால் பிசகிவிட்டது.
ஓஹையோவில் மார்ச் மாதம், மைதானம் பாதி சேறு, பாதி பனி.
எக்ஸ்ரேயில் எலும்புக்கு ஒன்றுமில்லை.
ஆனாலும் அவசரப் பிரிவில் எழுதித் தந்தார்கள்:
முப்பது.

எண்ணிக் கொடுத்தவள் நான்.
நீலத் தட்டில், மழுங்கிய கத்தியால்
ஐந்தைந்தாக ஒதுக்கி.
ஐஸ் வைத்தாலே போதுமே என்று சொல்ல
வாயெடுத்தேன்.
வரிசையில் இன்னும் ஏழு பேர்.

நாலாம் நாள் நொண்டாமல் வந்தாள்,
சூயிங்கம் வாங்க.
ஆறுதான் போட்டாளாம்.
தலை சுற்றியதாம், விட்டுவிட்டாளாம்.
சில்லறையை எண்ணித் தந்தேன்.
மிச்சம் இருபத்துநாலு எங்கே என்று
கேட்கவில்லை.

ஜூனில் அவள் அண்ணன் கோல்ட்டன்.
கூரை வேலைக்காரன்;
வெயிலேறிய பகலில் முழுக்கைச் சட்டை.
வேறு ஊர் டாக்டர், அதே சுளுக்கு, அதே எண்.
தங்கச்சி எப்படி இருக்கிறாள் என்றேன்.
ஓடுகிறாள் என்றான்,
என் கையையே பார்த்துக்கொண்டு.

உள்ளே வரும்போது இடது காலை நொண்டினான்.
போகும்போது வலது காலை.

இடையில் நான்,
சீட்டில் தேதி சரி, கையெழுத்து சரி,
ஐந்து,
பத்து,
பதினைந்து.