மட்டம்

ஏழு பேர்ச்சஸ்.
அளவுகாரர் நாலு மூலைக்கும் ஆப்பு அடித்துப் போனார்,
தலையில் சிவப்புச் சாயம்.
ஐப்பசி மழை மூன்றை விட்டுவைத்தது.

நாலாவது ஆப்பு நின்ற இடம்
எனக்கு ஒன்று, ஆரோக்கியத்துக்கு ஒன்று.
நடுவே அரை அடி.

லயத்தில் இருபத்தாறு வருசம்
ஒரே தகரத்தின் கீழ் கிடந்தோம்.
அவன் பிள்ளை இருமினால்
என் அடுப்பில் கொத்தமல்லி கொதிக்கும்.
அங்கே இல்லாத அரை அடி
இங்கே வந்துவிட்டது.

பேசவில்லை. வேலி நட்டோம்.

நான் டுரண்டா.
அக்கரப்பத்தனை தபாற்கந்தோர் ஓரம்
மஞ்சள் காய் தொங்கும் செடியில்
கேட்டு வெட்டிய குச்சி நாற்பது.
பென்சில் பருமன், ஒரு சாண் நீளம்,
கீழ்முனை சரிவு, மேல்முனை நேர்.
தவறணையில் தேயிலைக்குச் செய்ததுதான்:
கறுப்புப் பையில் மண்,
மூங்கில் வளைத்து உரச்சாக்கு நிழல்.
வேர் பிடிக்கும்வரை யாரும்
இழுத்துப் பார்க்கக் கூடாது என்றேன்.
தினமும் ஒன்றை நானே இழுத்துப் பார்த்தேன்.

அவன் செவ்வரத்தை.
அவன் நூல் பிடித்த கோட்டில்.

தை மாதத்து உறைபனி
விடியலில் உப்புப் போலக் கிடந்தது.
வெயில் ஏறுமுன் தண்ணீர் தெளித்தால் தப்பும்.
தெரியும்.
பிரட்டுக்கு நேரமாகிவிட்டது.
பதினொன்று கருகின.
அவனுக்கு எத்தனை என்று நான் எண்ணவில்லை.
பதினேழு.

பங்குனியில் மேல்வரிசை பச்சமுத்துவின் ஆடு
என்னுடையதைக் கடித்துத் துப்பியது,
அவனுடையதை மிச்சமில்லாமல் மேய்ந்தது.
உள்ளுக்குள் சிரித்தேன், பொய் சொல்வானேன்.
மேய்ந்த இடமெல்லாம் மூன்று மூன்றாய் வெடித்தபோதுதான்
ஆடும் கவ்வாத்து வெட்டும் என்று புரிந்தது.

என் செடி ஒரு முழம் வந்ததும் நுனி கிள்ளினேன்.
யோகமலர் பதறினாள்,
"இப்பதானே தலை தூக்குது!"
இப்போதே தூக்கவிட்டால்
கீழே வெறுங்கால்தான் தெரியும், பிள்ளை.

பங்களா வேலியை எத்தனையோ தரம் வெட்டியிருக்கிறேன்,
ரோட்டில் நின்று.
ஒரு வேலிக்கு உள்பக்கம் உண்டென்பதும்
அங்கே நின்று முகம் கழுவலாம் என்பதும்
இந்த வருசம்தான் தெரியும்.

இரண்டாம் மழைக்குப் பிறகு
அந்த அரை அடியைக் காணவில்லை.
டுரண்டாவுக்குள் செவ்வரத்தை நுழைந்து
என் முற்றத்தில் பூத்தது.
என் மஞ்சள் காய் அவன் வாசலில் உதிர்ந்தது.

என் பக்கத்தை நான் வெட்டினேன்.
அவன் பக்கத்தை அவன்.
மேல்பக்கம் யாருடையது?
அளவுகாரர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அது வளர்ந்தது.
யோகமலரும் மரியபுஷ்பமும்
குரலை அதன் மேலால் எறிந்துகொண்டார்கள்:
மீன் லொறி வந்தது, பேர் வெட்டினது,
கொழும்புக்குப் போன மகன் பேசாதது.
கருவாட்டுக் குழம்பு ரோட்டைச் சுற்றி வந்து
ஆறிப்போய்ச் சேர்ந்தது.

ஒரு சனிக்கிழமை
அரைநாள் வேலை முடிந்து மலை இறங்கி வந்தேன்.
மேல்பக்கம் வெட்டியாயிற்று.
வெட்டு வாய் எல்லாம் மறுபக்கம் சரிந்திருந்தன.
இந்தத் தோட்டத்தில் இடதுகைக் கவ்வாத்துக்காரன்
ஒருவன்தான்.

ஆனால் மட்டமில்லை.
நடுவில் இரண்டடி நீளத்துக்குப் பள்ளம்.
ஆரோக்கியமா இப்படி?
மட்டக்கம்பு வைத்தால் அடியில்
தாள் நுழையாத வேலை அவனுடையது.
கங்காணி கண்டால் அரைப்பேர்தான் போடுவார்.

கத்தியைத் தீட்டிக்கொண்டு போனேன், சரிசெய்ய.

பள்ளத்தின் அந்தப் பக்கம் மரியபுஷ்பம்.
இந்தப் பக்கம் யோகமலர்,
என் தோளுக்கும் எட்டாத என் யோகமலர்,
தாடையை அதில் சரியாக வைத்து
பேசிக்கொண்டிருந்தாள்.
இருவருக்கும் நடுவே இலை மேல் ஒரு கோப்பை,
ஆவி பறக்க.

கத்தியைக் கூரை இடுக்கில் செருகினேன்.

அடுத்த முறை வெட்டியது நான்.
அந்தப் பள்ளத்தை ஒரு விரல் கூட ஆழமாக்கினேன்,
அவள் குதிகால் தூக்கி நிற்பதைக் கண்டதால்.

நாலாவது ஆப்பு
வேர்களுக்குள் எங்கேயோ இருக்கும்.
தன் பக்கம் என்கிறான் ஆரோக்கியம்.